சாலட் இலையும் ஊதாத் தண்ணீரும்

ஒன்பது வயதில் நான் ஒரு பொய் சொன்னேன். தண்டனையை என் அத்தை அனுபவித்தார். இதை மழுப்பாமல் எழுத எனக்கு எழுபத்திரண்டு வயதாக வேண்டியிருந்தது.

அப்பா மருத்துவமனையில் காயங்களுக்கு மருந்து வைத்துக் கட்டும் டிரஸ்ஸர். வெள்ளைக்கார டாக்டர்களைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் பச்சையாகச் சாலட் இலை வேண்டும் என்று பழகிக்கொண்டவர். அந்த இலைகளில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடியிருக்கின்றன, தோட்டங்களில் மலத்தைத்தான் உரமாக ஊற்றுகிறார்கள் என்று எச்சரிப்பவரும் அவரே. அதனால் கிருமி கொல்லும் பெர்மாங்கனேட் கரைத்த ஊதாத் தண்ணீரில் இலைகளைக் கால் மணி நேரம் ஊறவைத்து, கொதித்து ஆறிய நீரில் அலச வேண்டும். அது என் வேலை.

அந்த மாதம் ஞாயிறுதோறும் திடலில் பந்தாட்டம். இலைகளைக் குழாயில் காட்டித் தட்டில் அடுக்கிவிடுவேன். பிறகு வெறும் பேசினில் தண்ணீர் பிடித்து, இரண்டு படிகம் போட்டு ஊதாவாக்கி, அப்பாவின் கண்ணில் படும்படி வைத்துவிட்டு ஓடுவேன். அந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால் இன்றும் என்னையே அறையத் தோன்றுகிறது.

நான்கு வயதுத் தங்கைக்குச் சீதமும் இரத்தமுமாகப் போயிற்று. அமீபா என்றார் டாக்டர். பிழைப்பாளா என்று மூன்று நாள் தெரியவில்லை.

“ஊற வச்சியாடா?” என்றார் அப்பா.

“கால் மணி நேரம்ப்பா.”

அவர் அத்தை பக்கம் திரும்பினார். கணவனை இழந்து எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. “அவன் கழுவிட்டான். ஊதாத் தண்ணிய நானே பாத்தேன். அப்புறம் தொட்டது யாரு? மார்க்கெட்டுல அளைஞ்ச கையோட புள்ளைக்கு ஊட்டியிருக்க!”

“இல்லண்ணே, சோப்புப் போட்டு...”

“வாய மூடு.”

தங்கை பிழைத்தாள். அப்பா அதன்பின் அத்தை கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. மூன்றாம் மாதம் அத்தை ஒரு பெட்டியோடு வெளியேறி, பள்ளிக்கூடம் ஒன்றில் துப்புரவு வேலைக்குப் போனார். எனக்கோ அடி விழாமல் தப்பித்த நிம்மதி. அண்ணனைத் தவிர அவருக்கு வேறு யாரும் இல்லை என்பது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.

போன மாதம் செங்காங்கில் அத்தையின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். உயிரியல் ஆசிரியராக இருந்த வாய், சும்மா இருக்கவில்லை.

“அந்தத் தண்ணி அமீபாவ அவ்வளவா ஒண்ணும் பண்ணாது அத்தை. ஊறவச்சிருந்தாலும் வந்திருக்கலாம்.”

“அமீபாவ யாருடா கேட்டா?” என்றார் அத்தை. “எங்கண்ணன் சாவுற வரைக்கும் என் கையால ஒரு வாய் தண்ணி குடிக்கல. அவருகிட்ட போய்ச் சொல்லு லா. முடியுமா?”

எழுந்துபோய் வாசற்கதவைத் திறந்து வைத்தார்.

அப்பாவின் திதியன்று தோ பாயோவில் தங்கை வீட்டில், எல்லோர் முன்னிலையிலும் எல்லாவற்றையும் சொன்னேன். தங்கை, படைத்த சோற்றை டிபன் கேரியரில் அடைத்துக்கொண்டு செங்காங்குக்கு, அத்தை வீட்டுக்குக் கிளம்பினாள். நானும் செருப்பை மாட்டினேன்.

“நீங்க வேணாம்” என்றாள்.