வெள்ளை நாயும் என் குதிகாலும்

குரங்கணிக்கு மேலே, ஜீப்பே ஏறாது என்று எல்லோரும் கைவிட்ட சரிவில் ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோர் கட்டியவன் நான். ஓடைத் தண்ணீரைக் குழாயில் இரண்டு மைல் இழுத்துக் கொண்டுவந்தேன். யானை இரண்டு முறை பிடுங்கிப் போட்ட வேலியை மூன்றாம் முறையும் நட்டேன். ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். என் மூன்று பிள்ளைகளும் பட்டதாரிகள். போடியில் என்னைத் தெரியாது என்று ஒருவர் சொன்னால் அவர் வெளியூர்க்காரராகத்தான் இருப்பார். எல்லாம் நானே செய்தது, யார் தயவும் கிடையாது. அதேபோல் நானே செய்த இன்னொரு காரியமும் உண்டு. அதை மட்டும் இத்தனை வருஷம் அப்பாவின் பேரில் விட்டுவைத்திருந்தேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. அப்பா மலையில் ஒரு ஏலத்தோட்டத்துக்குக் கங்காணி. முதலாளி ஒருநாள் ஜீப்பில் ஒரு நாயைக் கொண்டுவந்து இறக்கினார். புல் டெரியர் என்றார். அப்படி ஒரு நாயை நாங்கள் கண்டதில்லை. முட்டை போல் வழுவழுத்த நீள முகம், புளியங்கொட்டை அளவில் முக்கோணக் கண், மூக்கிலிருந்து வால் வரை சுண்ணாம்பு வெள்ளை. உயரம் அதிகமில்லை, நெஞ்சும் தொடையும் முறுக்கேறிக் கல் மாதிரி இருக்கும். கயிற்றைக் கவ்வினால் இரண்டு ஆள் இழுத்தாலும் விடாது, கயிற்றோடு சேர்ந்து தொங்கும். பன்றிக் காவலுக்கு என்றுதான் வாங்கியிருந்தார். அதுவோ ஆளைக் கண்டால் மடியில் ஏறி உட்காரப் பார்த்தது. ஏலப்பழம் பறிக்கும் பெண்கள் அதன் நிறத்தைப் பார்த்துத் துரை என்று பேர் வைத்தார்கள்.

துரையைப் பார்த்துக்கொள்ளும் சோலி அப்பாவுக்கு. மயிர் குட்டை என்பதால் மலைக் குளிர் தாங்காது. சாக்கைத் தைத்துப் போர்த்தினார். வெயில் பட்டால் காதும் மூக்கும் வெந்து சிவந்துவிடும், தேங்காயெண்ணெய் தடவினார். மழைக்காலத்தில் விரலிடுக்கில் ஏறும் அட்டைகளை உப்பு வைத்து ஒவ்வொன்றாக எடுத்தார். எனக்கு அப்படி ஒருநாளும் எண்ணெய் தடவியதில்லை.

ஒரே குறை, கூப்பிட்டால் வராது. அப்பா தொண்டை கிழியக் கத்துவார். அது முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ ஒரு பூச்சியை வேடிக்கை பார்த்திருக்கும்.

“கங்காணி கத்துற கத்துக்கு பூப்பாறையிலருந்து ஆள் வந்துரும் போல, தொர அசையமாட்டேங்குறாரே” என்று ஒரு அக்கா சொல்ல, பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

முதலாளி சிரிக்கவில்லை. “இந்த ரகமே திமிர் பிடிச்சது. அடுத்த தடவ நான் வாறப்ப கூப்பிட்டா வரணும். இல்லேன்னா சுட்டுப் போட்டுருவேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

வழியைக் கண்டுபிடித்தது நான். முதலாளி தோட்டத்து ஸ்டோரின் பலகைத் தரையில் துரை தூங்கிக்கொண்டிருந்தது. மூட்டை அடுக்கிலிருந்து நான் குதித்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தது. மறுபடி படுத்ததும் குதிகாலால் பலகையைத் தட்டினேன். எழுந்து நேராக என்னிடம் வந்தது. எத்தனை முறை செய்தாலும் தப்பவில்லை. என் காலில் ஏதோ சக்தி இருக்கிறது என்று நம்பினேன். வாயால் “தொர, வா” என்று சொல்லிக்கொண்டே, யாருக்கும் தெரியாமல் குதிகாலைத் தட்டப் பழகிக்கொண்டேன்.

முதலாளி வந்தார். ஸ்டோரில் எல்லோர் முன்னாலும் நான் கூப்பிட்டேன். துரை ஓடி வந்து நெஞ்சில் மோதி என்னை மல்லாத்திவிட்டது. “பய கெட்டிக்காரன்” என்று முதலாளி என் தலையில் தட்டினார். துப்பாக்கி ஜீப்பிலேயே இருந்தது.

சாயங்காலம் அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “என்னடா அப்பு செய்யிற? எனக்குஞ் சொல்லிக்குடு.”

“ஒண்ணுஞ் செய்யலப்பா. அதுக்கு என்னயத்தான் பிடிச்சிருக்கு.”

அவர் மறுபடி கேட்கவில்லை. பெற்ற பிள்ளையிடம் எத்தனை தடவை கேட்பார்.

அடுத்த வாரம் ராசிங்காபுரத்தில் சித்தி மகளுக்குக் காதுகுத்து. அம்மா என்னை அழைத்துப் போனாள். மூன்று நாள் கழித்துத் திரும்பினால், ஸ்டோருக்குப் பின்னால் புதுமண் மேடு.

நடந்ததை ஜீப் டிரைவர் சொன்னார். தோட்டத்து ஜீப்பில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வேலை செய்யாது. சரிவில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்திருப்பார்கள். கல்லை எடுத்தால் சத்தமில்லாமல் உருளும். வேகம் பிடித்த பிறகுதான் என்ஜின் உயிர் பெறும். அன்று முழு லோடு. கீழே பாதையில் துரை முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. கல்லை எடுத்தவர் அப்பா.

“ஆரன் அடிச்சேன். நாயிதானே, எந்திரிச்சிரும்னு நெனச்சோம். ஒங்கப்பாவும் கூப்பாடு போட்டுக்கிட்டே ஓடியாந்தாரு. லோடுக்குப் பிரேக் நிக்கலப்பா.”

அப்பா என்னைப் பார்த்ததும், “நீ இருந்திருந்தா எந்திரிச்சிருக்கும்டா” என்றார். கண் சிவந்து வீங்கியிருந்தது. எனக்கு அழுகை வந்தது நிஜம். ஆனால் ஆட்கள் நிற்கும்போது அப்பா வாயாலேயே அப்படிச் சொன்னதில் ஒரு பெருமையும் வந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

முதலாளி திட்டவில்லை. “ஒரு நாயப் பாக்கத் தெரியல” என்றார், அவ்வளவுதான். அப்பா மறுநாளே வேலையை விட்டு மலையிறங்கினார். சாகும்வரை ஏறவில்லை.

நான் தோட்டக்காரனான பிறகு அதே ரகத்தில் ஒரு வெள்ளைக் குட்டி வாங்கினேன். போடியில் மாட்டு டாக்டர் அதன் பின்னால் நின்று ஒரு தட்டைத் தட்டினார். குட்டி திரும்பவில்லை. “வெள்ளையாப் பொறக்குறதுல சிலதுக்குப் பொறவியிலயே காது கேக்காதுங்கய்யா. அடிச்சுராதீங்க. கையால சாடை காட்டுங்க, தரையத் தட்டுங்க. அதிர்வு தெரிஞ்சு வந்துரும்” என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் குட்டியை இறக்கிவிட்டுக் குதிகாலால் தரையைத் தட்டினேன்; என்னிடம் வந்தது. அன்று அப்பாவிடம் குதிகாலைக் காட்டியிருந்தால், துரை செவிடு என்று அவருக்கு அந்த நிமிஷமே விளங்கியிருக்கும். அட்டையை ஒவ்வொன்றாக எடுத்த மனுஷன், கல்லைத் தொடுவதற்கு முன் இறங்கிப் போய்த் தொட்டு எழுப்பியிருப்பார்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும், அப்பா கவனமில்லாமல் முதலாளி நாயைச் சாகக் கொடுத்தார் என்றுதான் பேச்சு. இனி வீட்டில் யாரும் அப்படிப் பேசக் கூடாது. அவர் கேட்டார், நான் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது என் பங்கு. அதை என் பேரில் சொல்லுங்கள்.