மாதர் கூட்டத்துக்கு ஒரு மணி

நெய்கிற நூலுக்கும் ரேஷன் கார்டு இருந்த காலம் அது. கார்டு புருஷன் பெயரில்தான் கொடுப்பார்கள். சங்கரன்கோவில் வள்ளித்தாயின் புருஷன் காய்ச்சலில் போனதும் நூலும் நின்றுபோனது. நெய்யத் தெரிந்த கையும் நல்ல குழித்தறியும் வீட்டில் இருக்க, அவள் அடுத்த வீட்டுத் தறிக்குக் கூலிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுத்துப் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றினாள். அவளைப் பாவம் என்று யாரும் சொல்லிவிட முடியாது; வாய் அப்படி.

அந்த வருஷம் நெசவாளர் மகாநாடு பள்ளிக்கூடத்தில் நடந்தது. புருஷன் இல்லாதவளுக்கும் கார்டு வேண்டும் என்று தீர்மானம் போட்டால் சர்க்காருக்கு அனுப்புவார்களாம். மகாநாட்டுக் காரியதரிசி சண்முகையாவின் வாசலில் வள்ளித்தாய் எட்டு நாள் நின்றாள்.

"மாதர் கூட்டம்னு ஒண்ணு போட்டாச்சுட்டி. ரெண்டாம் நாள், மத்தியானம் ஒரு மணி, மூணாம் வகுப்பு ரூம். பத்துப் பொம்பளையாளு கை தூக்கணும்."

"ஏன் அண்ணாச்சி ஒரு மணி?"

"பந்தல் தலைவர்மாருக்கு. ரூமும் அந்த நேரந்தான் காலி."

அறை காலியாகத்தான் இருந்தது. ஒரு மணிக்குத்தான் பந்தி. பரிமாற வந்த பதினாறு பேரைத் தவிர அங்கே வேறு பெண்ணே கிடையாது. வள்ளித்தாய் கையிலும் ஒரு சாம்பார் வாளியைத் திணித்திருந்தார்கள்.

"ஏட்டி, பத்து நிமிசம் வாங்கட்டி" என்று பரிமாறுகிறவர்களைக் கூப்பிட்டாள்.

"சோத்தப் போட்டுட்டு கொழம்பு ஊத்தாம வரச் சொல்லுதியா மைனி? நல்ல கதை!" என்றாள் நாத்தனார் பூமாரி.

வள்ளித்தாய் அறையை எட்டிப் பார்த்தாள். நாலு பெஞ்சும் வாழையிலைக் கட்டும். திரும்பி வந்து பந்தி நடுவில் வாளியை வைத்தாள். சாப்பிட உட்கார்ந்தவன் பாதியில் எழுந்திருக்க மாட்டான்.

"எம் புருசந்தான் செத்தாரு. தறி சாகல, எங்கை சாகல. நூலை ஏன் நிறுத்துதீய?"

"ஞாயந்தான் தாயி. அந்த வாளிய இங்கன தள்ளு" என்றார் கரிவலம்வந்தநல்லூர்க்காரர் ஒருவர். சிரித்தார்கள்.

"ஞாயம்னா கையத் தூக்குங்க."

தூக்கினார்கள். இருநூறு சோற்றுக் கைகள்.

சாயங்காலம் பந்தலில் சண்முகையா வாசித்தார்: "மாதர் கூட்டம், ஆள் வராததால் நடைபெறவில்லை."

வள்ளித்தாய் மேடை ஓரமாய்ப் போய் நின்றாள். "இருநூறு கை தூக்குச்சே அண்ணாச்சி!"

"சாப்பாட்டுக் கொட்டகையில தூக்குனது எப்படிச் செல்லும்? ஒனக்கு ரூம் குடுத்தமா இல்லையா?"

அவள் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். மத்தியானம் தூக்கிய கைகள் தலைவருக்குத் தட்டிக்கொண்டிருந்தன.

அந்தத் தையில் தறியைப் பிரித்து விற்றாள். தறிக்குழியைத் தானே மண் போட்டு மூடி, சாணி மெழுகி, அதன்மேல் பாய் விரித்துப் பிள்ளைகளைப் படுக்க வைத்தாள். சாகும்வரை ஊரார் தறிக்குத் தார் சுற்றினாள்.