ஏரிக்கரை ஆடுகளத்தில் கல் இல்லை

நான் பொய் சொன்னேன். அந்த ஆடுகளத்தின் மண்ணில் எந்தக் குற்றமும் இல்லை. குற்றம் இருப்பதாகச் சொன்னேன். ஒருமுறை அல்ல, இருமுறை. அங்கே ஆடினால் அங்கே உண்ண வேண்டும். அந்தத் தெருவில், அந்தச் சாதியார் வீட்டில், உண்ண எனக்கு மனம் இல்லை. அதனால் சொன்னேன்.

இதைப் படிக்கும் உங்களுக்கு என்னைத் தெரியாது. தெரிந்தவர்களோ நம்பமாட்டார்கள்... நெற்றி நிறைய நீறு பூசியவன். விடியலில் சிவன் கோயில் மண்டபத்தில் நின்று பதிகம் பாடுகிறவன். அஞ்சலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். கள்ளக்குறிச்சியில் என் சொல்லை எவரும் இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்ப்பதில்லை. அந்த நம்பிக்கையையே நான் பொய்க்கு மேலாடையாகப் போர்த்தினேன்!

நடந்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் பூப்பந்து ஆடுகிறவர்கள். மஞ்சள் கம்பளிப் பந்து, மட்டை, வலை, பக்கத்துக்கு ஐவர். பெரும்பாலும் பணி ஓய்வை எட்டியவர்கள், அல்லது எட்டப்போகிறவர்கள். ஞாயிறுதோறும் ஓர் ஊர். அந்த ஊர்க்காரர் களத்தைத் தயார் செய்வார். ஆட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் அவர் வீட்டில் காலை உணவு. எங்கள் குழுவில் இது எழுதப்படாத சட்டம்.

வாரம் முழுவதும் வாட்சப்பில் இதே பேச்சுதான். எந்த ஊர்த் திடல் மேல், எது கீழ், அடுத்து எங்கே போகலாம்... ரிஷிவந்தியத்துக் களிமண் ஒரு தூறலுக்கே வழுக்கும். களமருதூரில் வயலோரம், குதிகால் புதையும். கச்சிராயபாளையத்தில் வெயில் ஏறியதும் மலைக்காற்று இறங்கிப் பந்தை அள்ளிக்கொண்டு போகும். கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையிலோ பனி படிந்து பந்து கனத்துவிடும். இத்தனைக்கும் நடுவே புதிய களம் ஒன்று வந்தால், அதை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது யார்? நான்.

என் கால்கள் என்று சொல்லவேண்டும்.

மலைகளை வெறுங்காலோடு வலம் வந்து பழகிய கால்கள் இவை. களத்தைக் குறுக்கும் நெடுக்குமாக ஒருமுறை நடந்தால் போதும். மண்ணின் இறுக்கம், அடியில் ஒளிந்த பரல், ஈரம், சரிவு எல்லாம் பாதத்துக்குத் தெரிந்துவிடும். முதியவர் விழுந்தால் எழுவது கடினம் அல்லவா? ஆகவே நான் "ஆகும்" என்றால் ஆட்டம். "ஆகாது" என்றால் அதற்குமேல் பேச்சில்லை.

வேலு எங்களோடு ஆட வந்தது தற்செயலாக. (இது அவருடைய உண்மைப் பெயர் அன்று. ஊரின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. காரணம் பின்னே வரும்.) மின்கம்பம் ஏறும் லைன்மேன். ஒரு ஞாயிறு எங்களுக்கு ஓர் ஆள் குறைந்தபோது திடலோரம் நின்றிருந்தவரை அழைத்தோம். பின்வரிசையில் நின்றார், அன்று எதிரணியின் பந்து எங்கள் தரையைத் தொடவே தவித்தது! அதுமுதல் அவர் எங்கள் குழுவில் ஒருவர்.

ஒருவர்தானா...? ஆட்டம் முடிந்து எல்லோரும் சாப்பிடக் கிளம்பும் நேரத்தில், "டூட்டி இருக்குதுங்க, நான் வர்றேன்" என்று சைக்கிளை எடுத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை என்ன டூட்டி என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பது எங்களுக்கு எவ்வளவு வசதியாக இருந்தது!

அவர்தான் ஒருநாள் சொன்னார்: "எங்க ஊர்லயும் ஒரு ஆட்டம் வெச்சிக்கலாம்ங்க ஐயா. பசங்க கோர்ட்டு போட்டுக்கினு இருக்கானுங்க. டீமே ரெடி."

குழு என்னைப் பார்த்தது. "போஸ்ட்மாஸ்டர் ஐயா போய்ப் பாத்துட்டு வரட்டும்" என்றார் தணிகாசலம். அரிசி ஆலை வைத்திருப்பவர். குழுவில் அவர் சொல்லுக்கு எடை உண்டு. நான் போனேன்.

ஏரிக்கரையின் கீழே அந்தக் களம். கரை காற்றை மறித்திருந்தது. மேற்கே வேப்பமரங்கள். முந்தின மாலையே நீர் தெளித்து, உருளை இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். தெருவின் ஆண்கள் அத்தனை பேரும் கோட்டுக்கு வெளியே நின்று என் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நடந்தேன். உங்களிடம் மறைக்க எனக்கு இனி எதுவும் இல்லை... அதுபோன்ற களத்தை என் பாதம் அதற்குமுன் அறிந்ததில்லை! இறுக்கமும் இளக்கமும் அளவோடு கலந்த மண். உள்ளங்காலை ஏந்திக்கொண்டது.

அப்போது வேலுவின் மனைவி அஞ்சலை ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். வீட்டிலிருந்து ஏதோ தாளிக்கும் மணம் வந்தது. எனக்கு எதிரே நீட்டப்பட்ட அந்தச் சொம்பை நான் பார்த்தேன். அடுத்த ஞாயிறு இலை போட்டு இங்கே அமரவேண்டும் என்ற நினைப்பு வந்தது. உடம்பு தானாகப் பின்வாங்கியது.

"இன்னைக்கு விரதம்மா. தண்ணிகூடத் தொடறதில்ல" என்றேன்.

பிறகு வேலுவிடம் திரும்பினேன். "அடியில சுக்காங்கல்லு இருக்குது வேலு. மேல பாத்தா தெரியாது. கெழட்டு முட்டி தாங்காதுப்பா."

பாதம் சொன்னதை வாய் மாற்றிச் சொன்னது. அவ்வளவு எளிதாக! நாக்கு ஒரு கணமும் தடுமாறவில்லை. மறுநாள் விடியலில் அதே நாக்கால் பதிகம் பாடினேன். சுருதி விலகவில்லை. இறைவன் என் குரலைப் பறித்திருக்கலாமே... ஏன் பறிக்கவில்லை?

அவர்கள் அந்தக் களத்தைத் தோண்டினார்கள். முழுக்களத்தையும்! வேலைக்குப் போய்த் திரும்பிய கைகள் மாலைதோறும் மண்வெட்டி பிடித்தன. பழைய மண்ணை வாரிக் கொட்டி, ஏரி வண்டலும் செம்மண்ணும் சுமந்து வந்து பரப்பி, உருளை இழுத்து இறுக்கினார்கள். அடுத்த பருவத்தில் வேலு மீண்டும் அழைத்தார். மீண்டும் போனேன். மீண்டும் நடந்தேன்.

"மண்ணு இன்னும் செட்டாகல வேலு. ஒரு மழ போவட்டும்."

அஞ்சலைக்குப் பொறுக்கவில்லை. "ஒரு கல்லுகூடக் கெடைக்கலீங்க. நீங்க சொன்னீங்கன்னு இருந்த மண்ணு அவ்ளோத்தையும் வாரிட்டுப் புதுசாப் போட்டோம். மண்ணுல குத்தம்னா மாத்திப்புடலாம். இன்னா குத்தம்னு தெரிஞ்சாத்தானே..."

"ஏய், சும்மா இரு" என்று வேலு தடுத்தார். "ஐயா காலு பொய் சொல்லாது."

அந்தப் பேச்சோடு அது முடிந்தது. மழை போயிற்று, பருவங்கள் போயின. வேலு எங்கள் ஆட்டத்துக்கு வருவது குறைந்து, நின்றது. "முட்டி வலிக்குதாம்" என்று யாரோ சொன்னார்கள். நான் தலையசைத்தேன்.

கடந்த ஆவணி மூலத்தன்று எங்கள் கோயிலில் இறைவன் புட்டுக்கு மண் சுமந்த விழா. ஒரு கிழவியின் கையால் உதிர்ந்த புட்டை வாங்கி உண்டுவிட்டு, அவளுக்காகக் கூடையில் மண் சுமந்தவனைப் போற்றி ஆண்டுதோறும் நான்தான் பாடுவேன். அர்ச்சகர் சிறு பொற்கூடையில் பிடி மண்ணை இட்டு உற்சவரின் தலையில் வைத்தார். பாட வாய் திறந்தேன். என் முன்னே தெரிந்தவை வேறு கூடைகள்... என் பொய்க்காக ஏரியிலிருந்து களத்துக்கும், களத்திலிருந்து ஏரிக்குமாக நடந்த கூடைகள்! அவன் புட்டு உண்டான். நான் தண்ணீரைக்கூடத் தொடவில்லை. எந்த முகத்தோடு அவனைப் பாடுவது?

அன்று பாடாமல் இறங்கினேன். தொண்டை கட்டிவிட்டது என்று எல்லோரும் எண்ணிக்கொண்டார்கள். இனி ஒரு பொய்யையும் வளரவிடக் கூடாது என்று உறுதி கொண்டேன்.

அடுத்த ஞாயிறு கச்சிராயபாளையத்தில் ஆட்டம். முடிந்ததும், எல்லோரும் இலைமுன் அமர்ந்திருக்கையில் எழுந்து நின்று சொன்னேன்: ஏரிக்கரைக் களத்தில் கல் இல்லை, நான் சொன்னது பொய், காரணம் சாதி.

அதிர்ச்சியை எதிர்பார்த்தேன். தணிகாசலம் சிரித்தார்!

"அட இன்னா ஐயா நீங்க! தெரியாமயா உங்கள அனுப்புனோம்? நாங்க வாணாம்னு சொன்னா சண்ட வரும். நீங்க கல்லுன்னு சொன்னா மரியாதயாப் பூடும். உக்காருங்க, இட்டிலி ஆறுது."

உங்களுக்குப் புரிகிறதா? என் ஒருவனுடைய பாவம் என்று இத்தனை காலம் நான் சுமந்தது, அவர்கள் கூடிப் பேசாமலே என்னிடம் ஒப்படைத்த வேலை! என் நீறு, என் பதிகம், என் வெறுங்கால் எல்லாம் அவர்களுக்கு ஒரு தாழ்ப்பாள். இதனால் என் குற்றம் குறைந்ததா? இல்லை. தாழ்ப்பாளாக இருக்க நான் இசைந்தேனே.

இலையை மூடிவிட்டு வெளியே வந்தேன். பின்னாலேயே ஒருவர் வந்தார். பஷீர் பாய், கடைத்தெருவில் செருப்புக்கடை வைத்திருப்பவர்.

"எனக்கும் தெரியும்ங்க. அங்க சாப்புட எனக்கு இன்னா தடை? ஆனா வாயத் தொறந்தா என்னயும் கழட்டி வுட்டுடுவாங்களோன்னு கம்முனு இருந்துட்டேன்." செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "வேலு வூட்டுக்குத்தானே போறீங்க? என் வண்டியிலயே குந்துங்க."

வேலு களத்தோரம் அமர்ந்து கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை.

"தெரியும்ங்க" என்றார். "மொத தபாவே தெரியும். அன்னைக்கு உங்க துண்ட மறந்து வெச்சிட்டுப் பூட்டீங்க. குடுக்கலாம்னு சைக்கிள்ள பின்னாடியே வந்தேன். கூட்ரோட்டு டீக்கடையில டீயில பன்னு தோச்சித் தின்னுக்கினு இருந்தீங்க. அப்பிடியே திரும்பி வந்துட்டேன்."

அந்தத் துண்டு... அன்றைக்கு அடுத்த ஞாயிறே மடித்தபடி பஷீர் பாய் வழியாக என்னிடம் வந்து சேர்ந்தது. நான் துவைத்து, நீர் தெளித்துத் தூய்மை செய்து, பிறகே தோளில் போட்டேன். இதையும் எழுதிவிடுகிறேன்.

"தெரிஞ்சும் ஏன் மண்ண வாருனீங்க?" என்று கேட்டேன். என் வாழ்நாளில் முதன்முறையாக அவரை மரியாதைப் பன்மையில் அழைத்ததை அப்போதுதான் உணர்ந்தேன்.

"எங்க பசங்களுக்கு இன்னான்னு சொல்றதுங்க? கல்லுன்னா வாரிப் போட்டுட்டு அடுத்த வேலையப் பாப்பானுங்க. இதுதான் விசயம்னா தாங்குவானுங்களா? நீங்க இப்ப வந்து பாரம் எறக்கறேன்னு அவனுங்ககிட்ட எதுனா சொல்லிவெக்காதீங்க. அவனுங்களுக்கு அது கல்லாவே இருக்கட்டும்."

மன்னிப்பு என்ற சொல்லை நான் எடுத்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அதெல்லாம் வாணாம்ங்க. ஆட வர்றதுன்னா வாங்க, அஞ்சு பேரா வாங்க. பாத்துட்டுப் போறதுக்கு மட்டும் இனிமே வராதீங்க."

"சாப்பாடு...?" என்றார் பஷீர் பாய், சூழலைச் சற்றுத் தளர்த்த எண்ணி.

வேலு அப்போதுதான் சிரித்தார். "போடுவமா இல்லியான்னு அஞ்சலையத்தான் கேக்கணும். அவ இப்பல்லாம் ஆளப் பாத்துத்தான் ஒல வெக்கிறா."

வாசலில் அஞ்சலை நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். உள்ளே போனார். தண்ணீர் வரவில்லை.

அந்தப் பையன்களுக்காகத்தான் இங்கே பெயர்களை மறைத்தேன். குற்றம் செய்தவனுக்குத் தன் குற்றத்தை விரும்பிய இடத்தில் கொட்டும் உரிமை இல்லை என்று அன்று அறிந்தேன். கொட்ட முடியாததை மீண்டும் தூக்கிக்கொண்டு வந்தேன்.

ஆனால் நான் ஓயப்போவதில்லை. ஏரிக்கரையில் ஆடாதவரை வேறு எந்தக் களத்திலும் ஆடமாட்டேன் என்று குழுவில் எழுதிவிட்டேன். அவர்கள் களம் பார்க்க வேறொருவரை அமர்த்திக்கொண்டார்கள், அவரும் பக்திமான்தான். நானும் பஷீர் பாயும் ஞாயிறுதோறும் மூவரைத் தேடிக் கிளம்புகிறோம். பழைய அணித்தோழர்களின் வாசலில் நின்று கேட்கிறோம். ஒருவருக்குப் பேரனின் காதுகுத்து. ஒருவருக்கு இடுப்பு வலி. ஒருவர் நான் பேசும்போதே கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு காரணத்தையும் கேட்கும்போது என் குரலையே கேட்கிறேன்... எத்தனை பணிவு, எத்தனை நேர்த்தி!

எனக்கு எழுபது கடந்துவிட்டது. முழங்கால் உண்மையாகவே நோகத் தொடங்கியிருக்கிறது. அஞ்சலை எனக்கு உலை வைப்பாரா என்பது தெரியாது. வைக்காமல் போனால் பசியோடு திரும்புவேன், அது நியாயமே. ஆனால் ஐவராய்ப் போய் நிற்பேன். அதுவரை கோயிலில் அந்த மண் சுமந்த பாட்டை நான் பாடுவதாக இல்லை.

உங்களுக்கு மட்டை பிடிக்கத் தெரியுமா? தெரியும் என்றால் வாருங்கள். இன்னும் மூன்று பேர் வேண்டும்.