ஐந்து கிலோ

“…ஊசி எட்டு வாரத்துக்குத்தான்னு சொல்றீங்க, சரிங்க சார். அதுக்கப்புறம் நான் நாப்பது வருஷம் இருக்கணுமே, அதுக்கு என்னா ஏற்பாடு?” என்று அண்ணி தன் பயிற்சியாளரைக் கேட்டபோது, பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு நான் நின்றிருந்தேன். அது நடந்து ஒன்பது வருஷம் ஆகிறது. பயிற்சிக்கூடத் தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது.

அண்ணி பளுதூக்குபவர். “நெல்லு மூட்டைய நான் ஒரு பக்கம் புடிக்கறதுக்குள்ள அவ டிராக்டர்ல ஏத்திட்டு, என்னையும் ஏத்தட்டுமான்னு கேப்பா” என்று அண்ணன் பெருமையடித்துக்கொள்வார். தினமும் விடிந்ததும் அண்ணி எங்கள் ஊரான அடி அண்ணாமலையிலிருந்து என் ஆட்டோவில்தான் டவுனுக்குப் பயிற்சிக்கு வருவார். மாநிலப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கலாம். வயது வரம்புக்கு அந்த ஒரு வருஷம்தான் பாக்கி. அவரால் தூக்க முடிந்தது தொண்ணூறு கிலோ. மூன்றாம் இடத்துக்கு இன்னும் ஐந்து வேண்டும். அப்போதுதான் பயிற்சியாளர் தசை வளர்க்கும் ஊக்கமருந்து ஊசிப் பேச்சை எடுத்தார். கெட்ட மனிதர் இல்லை. “எல்லாரும் போடறாங்கம்மா. நீ மட்டும் கேழ்வரகு களிய நம்பி எப்படி மோதுவ?” என்றார்.

அண்ணிக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள், “தம்பி, பூக்கார அக்கா கடைக்கு வண்டிய வுடு” என்றார். அந்த அக்கா இதே பயிற்சியாளரிடம் பயிற்சி எடுத்து, ஊசி போட்டுத் தேசியப் பதக்கம் வாங்கியவர். கோயில் பக்கம் பூக்கடை வைத்திருந்தார். வயது நாற்பதுகூட இல்லை. குரல் தடித்துப் போயிருந்தது. போனில் பேசினால் தன்னை “சார்” என்கிறார்கள் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். இதயமும் பழுது. அது ஊசியால்தானா என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. குரல் போனது ஊசியால்தான்.

“போட்டது தப்புன்னு நெனக்கறீங்களாக்கா?” என்று அண்ணி கேட்டார்.

அக்கா முழம் போட்டபடியே சொன்னார்: “பொய் சொல்ல மாட்டேம்மா. மெடல் வாங்குன அன்னிக்கு வந்த சந்தோஷம் நெஜம். ஆனா மெடல் பீரோல இருக்கு, மாத்திரை இந்தப் பையில இருக்கு. பீரோவ வருஷத்துக்கு ஒருவாட்டி தொறக்கறேன். பைய மூணு வேளையும் தொறக்கறேன்.” எத்தனையோ பேர் பேச்சை மனதில் சேர்த்து வைத்திருக்கிறேன். இப்படி நிலைத்து நின்றது இன்னொன்று இல்லை.

மாநிலப் போட்டியில் ஊசி போடாமல் அண்ணி ஐந்தாவதாக வந்தார். அரசு வேலை போனது போனதுதான். கலெக்டர் ஆபீசைத் தாண்டும்போது இன்றைக்கும் ஆட்டோவிலிருந்து தலையை நீட்டி அந்தக் கட்டடத்தைப் பார்ப்பார். செங்கம் ரோட்டில் ஒரு விடுதியில் வேலை பார்க்கிறார். காலையில் பத்துப் பதினைந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். பௌர்ணமிக்கு மலை சுற்றும்போது பாதி வழியில் நான் உட்கார்ந்துவிட, “என்னா தம்பி, ஆட்டோ ஓட்டி ஓட்டி கால மறந்துட்டியா?” என்று கேட்டுக்கொண்டே முன்னால் போய்விடுவார். அந்த நடையைப் பார்க்க எனக்கு நிறைவாக இருக்கும்.

பூக்கார அக்காவைப் பார்த்தபின், நாற்பது வருஷத்துக்கு என்ன ஏற்பாடு என்று அண்ணி கேட்ட அன்று, பயிற்சியாளர் கம்பியைப் பார்த்தார். “அப்போ மூணாவது எடம்?” என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். கம்பியில் தொண்ணூற்றைந்து கிலோ ஏற்றி வைத்திருந்தார். அண்ணி குனிந்து ஒரு முனையிலிருந்து இரண்டரைக் கிலோ வட்டைக் கழற்றினார். சுற்றிப் போய் மறுமுனையிலும் கழற்றினார். பிடி வழுக்காமலிருக்க உள்ளங்கையில் வெள்ளைப் பொடியைத் தேய்த்துக்கொண்டு, மீதி தொண்ணூறையும் தலைக்கு மேலே தூக்கி நின்றார்.