எஸ்டேட் என்ற சொல்

எனக்குப் பத்து வயது. சிங்கப்பூர் எல்லைக்குச் சற்று வடக்கே, கூலாயில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை மதியம் டை கட்டிய ஒருவர் வந்தார். என்னை அறைக்குள் போகச் சொல்லிவிட்டு, அப்பாவும் அம்மாவும் அவரோடு தாழ்ந்த குரலில் பேசினார்கள். கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குத் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது ஒன்றுதான்: எஸ்டேட் பிளேனிங்.

எனக்குத் தெரிந்த எஸ்டேட், அம்மா பிறந்த செம்பனைத் தோட்டம். குழாயில் தண்ணீர் வராது, பள்ளிக்கு லாரியில் போக வேண்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறார். அங்கேதான் குடிபோகப் போகிறோம் என்று முடிவுகட்டி, என் கதைப் புத்தகங்களைப் பையில் கட்டிவைத்தேன்.

திங்களன்று பள்ளி நூலகத்தில் அகராதியைப் பிரித்தேன். ‘நிலை’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாம். முதல் அர்த்தம், பெரிய நிலம். அடுத்தது, இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்து. ‘இறந்தவர்’ என்பதைத் தாண்டி என் கண் நகரவில்லை. அப்பா தினமும் மோட்டார்சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். போன மாதம்தான் அவரோடு வேலை செய்தவர் அந்தச் சாலையில் அடிபட்டு இறந்திருந்தார்.

மறுநாள் அப்பாவுக்கு மதிய ஷிப்ட். பள்ளி விட்டு வந்ததும் மோட்டார் சாவியை எடுத்து அரிசி டின்னுக்குள் புதைத்தேன். அப்பா வீட்டையே புரட்டிப்போட்டார். கடைசியில் என் முகத்தைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“போகாதீங்கப்பா. நீங்க செத்துப் போவீங்கன்னு அந்த டை கட்டினவரு எழுதிட்டாரு.”

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். ஹெல்மெட்டைக் கீழே வைத்தார்.

“அப்பா எங்கயும் போகல லா. இந்த வீடு பின்னாடி உனக்குத்தான்னு இப்பவே எழுதி வைக்கிறோம். அவ்வளவுதான்.”

எனக்கு மூச்சு வந்தது. சாவியைத் தோண்டி எடுத்துக் கொடுத்தேன். ஷிப்டுக்கு நேரமாகியும் அவர் எழுந்திருக்கவில்லை.

“பத்து பாகாட் ஊர்ல இருக்கிற அத்தை வீடு உனக்குப் புடிக்குமா? அங்க இருப்பியா?”

அத்தை வீட்டில் இரண்டு பூனைகள் இருக்கின்றன, எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருப்பேன் என்றேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சரி என்று தலையசைத்தார்.

இருவருக்குமே ஏதாவது ஆகிவிட்டால் மகளை யார் வளர்ப்பது என்ற இடம், டை கட்டியவர் விட்டுப்போன உயில் தாளில் இன்னும் காலியாக இருந்தது எனக்குத் தெரியாது. பள்ளி விடுமுறைக்குத்தான் அனுப்பப்போகிறார்கள் என்று நினைத்து, எந்தெந்தச் சட்டைகளை எடுத்துப்போகலாம் என்று அம்மாவை மாலைவரை நச்சரித்துக்கொண்டிருந்தேன்.