சாமி விளக்கும் செத்த பேட்டரியும்

போன ஆடிக்கிருத்திகைக்கு முதல் நாள், திருத்தணியில் என் வீட்டு வாசலில் நடந்தது இது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். லாரி கிளீனராக ஆரம்பித்து இன்று நான்கு லாரிக்கு முதலாளி. வண்டி விஷயத்தில் எனக்கு எவனும் பாடம் எடுக்க முடியாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவேன்.

என் மனைவிக்கு வாரம் மூன்று நாள் திருவள்ளூரில் டயாலிசிஸ். அதற்கென்றே வாங்கிய கார், இரண்டு நாள் சும்மா நின்றால் கிளம்பாது. பேட்டரியை இரண்டு தடவை மாற்றியும் அதே கதை. அன்று காலையும் சாவியைத் திருப்பினால் 'டக்' என்றதோடு சரி. கிருத்திகைக் கூட்டத்தில் வாடகைக் காரும் கிடைக்கவில்லை. அவளோ முகம் வீங்கி, மூச்சு வாங்கப் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

அரக்கோணம் ரோட்டில் கார் எலக்ட்ரிக்கல் வேலை செய்யும் பாய் ஒருவரை வரவழைத்தேன்.

"பேட்டரி போச்சு பாய், வேற ஒண்ணு போட்டுடு" என்று உத்தரவு போட்டேன்.

"போட்டா இன்னிக்குப் போயிடலாம் நைனா. நாளன்னிக்கு இன்னா பண்ணுவீங்க? எதுவோ கரண்டைக் குடிச்சிக்கினு கீது. பத்து நிமிஷம் குடுங்க."

தான் கொண்டுவந்த பேட்டரியை வைத்து, அதற்கும் ஒயருக்கும் நடுவில் ஒரு சின்ன பல்பைச் சேர்த்தார். சாவியே போடாத வண்டியில் அது மங்கலாக எரிந்தது; கரண்ட் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பல்பு அணையவில்லை.

"ஃபியூஸ் பக்கம் வராம நேரா லைன் இழுத்து கீறாங்க" என்று ஒயரைத் தடவிக்கொண்டே போனவர், டேஷ்போர்டில் முருகன் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். படத்தைச் சுற்றி சீரியல் விளக்கு. இரவு பகல் அணையக்கூடாது என்று நானே பேட்டரியிலிருந்து இழுத்து மாட்டியது. முன்பு பார்த்த மெக்கானிக்குகள் சாமி சமாசாரம் என்று அதைத் தொடவே இல்லை.

"நல்லா இறுக்கமா முறுக்கி கீறாங்க. இந்த முனையை நீங்களே கழட்டுங்க நைனா" என்றார் பாய்.

கழற்றினேன். பல்பு அணைந்தது.

"சாமி விளக்கை எப்படிப்பா அணைக்கிறது?" என்று முனகினேன்.

"மலை மேலயே ராத்திரி நடை சாத்துறாங்கய்யா. உன் வண்டியில முருகன் தூங்கவே கூடாதா?" என்றாள் என் மனைவி, அந்த மூச்சிரைப்பிலும். பாய் சிரித்துவிட்டார். சாவி போட்டால் மட்டும் எரியும்படி ஒயரை மாற்றிக் கொடுத்தார். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

யார் இழுத்த ஒயர் என்று அவர் கடைசிவரை கேட்கவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் தெருவையே கூட்டியிருப்பேன். நான் முன்னுக்கு வந்தது பெரிய காரியம்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் தப்பு செய்தவனைத் தலை குனிய வைக்காமல் தப்பை மட்டும் கழற்றி எடுக்கிற அவருடைய தொழில், இந்த வயதிலும் எனக்கு இன்னும் சரியாகக் கைவரவில்லை.