மங்கி கேப் மாட்டிக்கிட்டு எதிர்க்கடைக்கு

போன சீசன் முழுக்க என் சாக்லேட் கடையிலதான் கூட்டம். இந்த சீசன் எதிர்க்கடை பாய்கிட்ட.

"டேஸ்ட்டெல்லாம் ஒண்ணுமில்ல, பார்க்கிங் அங்கிட்டு இருக்கு, அதான்"னு பாக்குறவங்ககிட்டெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

இன்னிக்குக் காலையில ஒரு அம்மா என் கடையில சாம்பிள் வாங்கித் தின்னுட்டு, "எதிர்க்கடையில இன்னும் நல்லா இருக்கே"ன்னாங்க. சுருக்குன்னு ஆயிருச்சு.

கொடைக்கானல்காரங்க யாரும் சீசன் வெயில்ல மங்கி கேப் மாட்ட மாட்டோம். அதனாலதான் மாட்டினேன். டூரிஸ்ட் கூட்டத்தோட நைசா பாய் கடைக்குள்ள நுழைஞ்சு, பாதாம் சாக்லேட் ஒரு துண்டு வாயில போட்டேன்.

நல்லா இருந்துச்சு. அதுதான் இன்னும் எரிச்சல்.

"எப்படிங்க இருக்கு?"ன்னார் பாய்.

"பரவால்ல. நாங்க கோயம்புத்தூர்"னு குரலை மாத்திச் சொன்னேன்.

பாய் சிரிச்சிட்டார். "கேப்பைக் கழட்டுங்கக்கா, வேர்க்குது. போன சீசன்ல நானும் இப்படித்தான் உங்க கடைக்கு வந்தேன். எந்த ஊருன்னு விசாரிச்சு, கூட ரெண்டு துண்டு குடுத்தீங்க. அதைத் தின்னு பாத்துட்டுதான் என் சாக்லேட்ல சீனியைக் குறைச்சேன்."

கேப்பைக் கழட்டி கையில வச்சுக்கிட்டுக் கேட்டேன்: "பாதாமை எப்படி பாய் வறுக்குறீங்க?"

"மத்தியானம் வாங்க. அடுப்புக்கிட்டயே நின்னு பாருங்க."

போயி பாத்துட்டு வந்து இதை எழுதுறேன். நாளைக்கு என் கடையில புது பாதாம் சாக்லேட்.

சரி, உண்மையைச் சொல்லிருங்க. போன சீசன்ல மங்கி கேப்போட என் கடைக்கு வந்தவங்க வேற யாரெல்லாம்?